சனிக்கிழமை ஏழு மணி எங்கே போச்சு?



எங்கள் அறிவியல் திட்டக் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். ஐந்து பேருக்கும் ஐந்து ஊர். அவரவர் ஊர்க் கண்மாயில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதை அளந்து எழுதுவதுதான் எங்கள் திட்டம். பள்ளி விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதால் உட்கார்ந்து பேச நேரமே கிடைக்காது. நம் பள்ளியில் படித்த அண்ணன் ஒருவர் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் மேற்படிப்பு படிக்கிறார். அவர் வழிகாட்ட ஒத்துக்கொண்டார். வாராவாரம் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு வீடியோவில் கூடுவது என்று 2025 ஆகஸ்டில் முடிவு செய்தோம். வாரம் ஒரு லிங்க் அனுப்ப வேண்டாம், ஒரே லிங்க் போதும் என்று அண்ணன்தான் தன் கூகுள் காலண்டரில் போட்டுக் கொடுத்தார். அவருக்கு அப்போது மதியம் 2.30.

இரண்டு மாதம் நன்றாக நடந்தது. நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் குழுத் தோழி ஒருத்தி வரவில்லை. 8-ஆம் தேதியும் வரவில்லை. "அவளுக்கு ஆர்வம் இல்ல போல, பேரை எடுத்துரலாமா?" என்று அண்ணனிடம் கேட்டதே நான்தான். குழுத்தலைவர் என்ற நினைப்பு.

திங்கட்கிழமை அவள் நோட்டை என் மேசையில் வைத்தாள். இரண்டு வார அளவும் ஒரு நாள் விடாமல் இருந்தது. "ஏழு மணிக்கு அப்பா போனை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ள விடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, யாருமே வரல. ஏழே முக்காலுக்கு அப்பா நைட் டூட்டிக்குப் போனை எடுத்துட்டுப் போயிருவாரு" என்றாள். நாங்கள் நாலு பேரும் கூடியது எட்டு மணிக்கு! போனில் வந்த நினைவூட்டலைப் பார்த்து நாங்கள் எட்டு மணிக்குப் போனோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் பெயர் அழைப்பில் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் மட்டும்தான் அவளிடம் இருந்தது.

சரி, ஏழு மணி எப்படி எட்டு ஆச்சு? புவியியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். 82½ × 4 = 330 நிமிடம், அதாவது 5 மணி 30 நிமிடம். கிரீன்விச்சுக்கு நாம் இவ்வளவு முன்னால். பரீட்சைக்கு இது போதும், மீட்டிங்குக்குப் போதாது. இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி வைப்பார்கள். 1916-ல் முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. (நம் நாட்டிலும் 1942 முதல் 1945 வரை போருக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்திருந்தார்களாம். இப்போது இல்லை.) அதனால் கோடையில் வித்தியாசம் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. 2025-ல் அந்த ஞாயிறு அக்டோபர் 26. அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் நவம்பர் 1.

காலண்டர் தப்பு செய்யவில்லை. அது வருடத்துக்கு 52 தேதிகளை எழுதி வைப்பதில்லை. "வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, இந்த ஊர் நேரப்படி இத்தனை மணி" என்று ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்கிறது. கூட்டுத் தொடர்வரிசைக்கு முதல் உறுப்பும் பொது வித்தியாசமும் போதும் அல்லவா, அந்த மாதிரி. விதியில் இருந்த ஊர் அண்ணனுடைய ஊர். அவருக்கு 2.30 மாறவே இல்லை. நமக்குத்தான் ஏழு எட்டானது.

பிறகு நானே புதிதாகப் போட்டேன். செய்முறை இதுதான். காலண்டர் ஆப்பில் கூட்டல் குறியை அழுத்தி 'ஈவென்ட்' எடுக்க வேண்டும். தலைப்பு, நாள், நேரம் கொடுத்த பிறகு நேர மண்டலம் என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள், அங்கே இந்தியா இருக்கட்டும். அடுத்து 'டஸ் நாட் ரிப்பீட்' என்று இருப்பதை 'எவ்ரி வீக்' என மாற்ற வேண்டும். 'கஸ்டம்' என்பதற்குள் போனால் எத்தனை முறையோடு முடியலாம் என்று கேட்கும். முடிவே இல்லாமல் விட்டால் பரீட்சை நேரத்திலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும், நான் 12 முறை போட்டேன். பிறகு எல்லோருடைய மின்னஞ்சலையும் சேர்த்து, கூகுள் மீட்டை இணைத்துச் சேமித்தால் வேலை முடிந்தது. இந்தத் தடவை தோழியின் அப்பா போனில் இருக்கும் மின்னஞ்சலையும் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். பெயர் அழைப்பில் இருந்தால்தான் நினைவூட்டல் வரும், கதவைத் தட்டிக் காத்திருக்கவும் வேண்டாம்.

அண்ணனுக்குக் குளிர்காலத்தில் இது மதியம் 1.30. சனிக்கிழமை அவர் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். "சாப்பாட்டு நேரத்தை மாத்திக்கிறேன் தம்பி, அவகிட்ட மன்னிப்பு கேட்டியா?" என்றுதான் கேட்டார். அன்று இரவு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடினால் 60 நிமிடத்தில் மீட் நின்றுவிடும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஏழரைக்கே முடித்துவிடுகிறோம். முதலில் தோழிதான் தன் அளவைச் சொல்வாள். சிக்னல் இழுத்தால் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுவோம், டேட்டாவும் மிச்சம்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் வாரக் கூட்டத்தை மட்டும் நீக்கப் போனேன். 'திஸ் ஈவென்ட்', 'திஸ் அண்ட் ஃபாலோயிங் ஈவென்ட்ஸ்', 'ஆல் ஈவென்ட்ஸ்' என்று மூன்று கேட்டது. அவசரத்தில் மூன்றாவதை அழுத்த, எல்லா சனிக்கிழமையும் காணாமல் போனது! நல்லவேளை, கணினியில் திறந்தால் காலண்டரின் குப்பைத்தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். கம்ப்யூட்டர் சார் உதவியோடு மீட்டெடுத்தேன்.

விளையாட்டுக் குழுவோ, வினாடி வினாக் குழுவோ, யாருக்காவது போட வேண்டுமென்றால் மதிய இடைவேளையில் பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவுக்கு வாருங்கள். யார் யார் வீட்டில் போன் எத்தனை மணி வரை இருக்கும் என்று எழுதி எடுத்து வாருங்கள். போனைக் கொண்டு வராதீங்க, சார் பிடுங்கிருவாரு. நோட்டுல வரைஞ்சே காட்டுறேன்.