இரத்த ஓட்டங் காட்டும் ஒளிச்சாயம்

புற்றுநோயினாலோ விபத்தினாலோ தேகத்தின் ஒரு பாகம் அழிந்துபோமாயின், அந்நோயாளியின் வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலும் கொழுப்பும், சிற்சமயம் தசையும் எடுத்து, அவ்விடத்தை நிரப்பும் சஸ்திர சிகிச்சை ஒன்று உண்டு. எடுத்த துண்டோடு வரும் தமனியும் சிரையும் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமனே உடையன. அவற்றை நுண்பெருக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய நூலால், புதிய இடத்துக் குழாய்களோடு தைத்தல் வேண்டும். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஜேக்கப்சன் இத்தகைய சிறு குழாய்களை நுண்பெருக்கியால் நோக்கித் தைத்துக் காட்டிய பின்னரே இவ்வித்தை தழைத்தது.

தையல் நேர்த்தியாயிருந்தாலும், உள்ளே இரத்தம் உறைந்து வழி அடைபடுமாயின், துண்டு முழுவதும் அழுகி வீணாம். ஆகவே, காயத்தை மூடுமுன் இரத்தம் எவ்வளவு தூரம் எட்டுகின்றதென அறிதல் அவசியம். முன்னாளில் வைத்தியர்கள் நிறத்தைப் பார்த்தும், விரலால் அழுத்தி விட்டும், ஊசியாற் குத்தி வரும் இரத்தத்தைக் கவனித்துமே தீர்மானித்தனர். கருநிறத் தோலில் நிறமாற்றம் எளிதிற் புலப்படாதென்பதை நம் நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கேதான் சாயம் துணைக்கு வருகின்றது. 1871-இல் ஜெர்மானிய இரசாயன நிபுணர் பேயர் ஆக்கிய புளோரசீன், நீல ஒளியில் மஞ்சட்பச்சையாய் மின்னும். ஆயினும் அது குழாய்களினின்று கசிந்து நெடுநேரம் தங்குவதால், உடனே மறுமுறை சோதித்தல் அரிது. இண்டோசயனின் பச்சை என்னும் சாயத்திற்கு இக்குறை அத்துணை இல்லை. அது இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு குழாய்க்குள்ளேயே நிற்கும். இரத்தத்தில் அதன் அளவு 3 அல்லது 4 நிமிஷத்திற் பாதியாகும். கல்லீரல் அதனைப் பித்தத்தோடு கழித்துவிடும். அயோடின் ஒவ்வாதவர்க்கு அதனைக் கொடுக்குமுன் எச்சரிக்கை வேண்டும்.

சாயத்தைச் சிரையில் ஏற்றி, செந்நிறத்துக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத கிரணங்களைப் பாய்ச்சினால், அதற்கென அமைந்த காமிரா அதன் ஒளியைத் திரையிற் காட்டும். முதலில் தமனி ஒளிரும். பின் தோலெங்கும் மேகம்போல் ஒளி பரவும். இறுதியிற் சிரை விளங்கும். சிரை விளங்காவிடில், உட்சென்ற இரத்தம் திரும்பவில்லை. தையலைப் பிரித்துப் பார்க்க அதுவே தருணம். இருண்டு நிற்கும் ஓரத்தை வெட்டி எறிவதா என்பதே கடினமான கேள்வி. குளிரினாலோ குழாய்களைச் சுருக்கும் மருந்தினாலோ இரத்தம் தற்காலிகமாய்த் தடைப்பட்டிருப்பினும் அவ்விடம் இருளும்; அவசரப்பட்டால் பிழைக்கத்தக்க தோலும் போம்.

மேலும், சாயம் காட்டுவது அக்கணத்து நிலையை மட்டுமே. அன்றிரவே இரத்தம் உறையக்கூடும். ஆதலால் முதல் நாள் முழுதும் தாதி மணிக்கொருதரம் அத்தோலைத் தொட்டு, சூடும் நிறமும் பார்த்துக் குறித்து வைக்கின்றாள்.