48 வோல்ட் வண்டியில் இன்னொரு பேட்டரி

கேள்வி: ஃபார்ச்சூனர் நியோ டிரைவ் 4x4 வைத்திருக்கிறேன். மலைப்பக்கம் இரவு தங்கும்போது சின்ன ஃபிரிட்ஜும் விளக்கும் ஓட வேண்டும். 48 வோல்ட் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுக்கலாமா?
– வாசகர், பள்ளுருத்தி, கொச்சி

பதில்: கூடாது. அந்த லித்தியம் பேட்டரி எஞ்சினுக்குக் கைகொடுக்கவும் வண்டியின் சொந்த மின்தேவைக்கும் மட்டுமே. அதில் வெளி வயர் சேர்த்தால் வாரண்டி போகும், ஆபத்தும் உண்டு.

உங்களுக்கு வேண்டியது தனி 12 வோல்ட் பேட்டரி. பழைய ஜீப்பில் செய்வதுபோல ரிலே வைத்து இதையும் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியையும் நேராக இணைக்காதீர்கள். இந்த வகை வண்டியில் வழக்கமான ஆல்டர்னேட்டர் இல்லை. ஒரு கன்வர்ட்டர் 48 வோல்ட்டைக் குறைத்துத்தான் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்கிறது. வரம்பில்லாமல் இழுத்தால் அந்தக் கன்வர்ட்டருக்குச் சுமை. நடுவில் 20 அல்லது 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது மட்டும் அது இயங்கட்டும்.

ஃபிரிட்ஜ் சராசரியாக 2 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-அவர். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றரை நாள் தாராளமாகத் தாங்கும்.

எஞ்சின் சூட்டில் அதை வைக்க வேண்டாம். டிக்கியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். உங்கள் பக்கம் வேலியேற்றத்தில் (கடல் மட்டம் உயரும்போது) உப்புத் தண்ணீர் தெருவுக்கே வரும். இரண்டு பேட்டரிகளின் பாசிட்டிவ் முனை அருகிலும் ஃபியூஸ் கட்டாயம். சார்ஜரின் நெகட்டிவ் வயரை வண்டி பேட்டரியின் முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் கொடுங்கள். இல்லையென்றால் பேட்டரி சென்சாரின் கணக்கு தப்பும்.

எப்போதாவதுதான் பயணம் என்றால், வீட்டிலேயே சார்ஜ் செய்யும் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் போதும். வண்டியில் கை வைக்கவே வேண்டாம்.