குடல் புற்றுநோய் ஆபரேஷனா? “வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க, டாக்டர்?” என்று கேளுங்கள்

வீட்டில் ஒருவருக்குக் குடல் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டால், அடுத்த கேள்வி ‘எங்கே காட்டலாம்?’ என்பதுதான். சொந்தக்காரர்களுக்கு போன் போகும். ‘அந்த டாக்டர் கைராசிக்காரர்’, ‘அந்த ஆஸ்பத்திரி பெரிசு’ என்று ஆளுக்கொரு பதில் வரும். கைராசி என்று நாம் சொல்வதில் எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதே ஆபரேஷனை அந்த சர்ஜனும் அந்த மருத்துவமனையும் வருஷத்துக்கு எத்தனை முறை செய்கிறார்கள் என்பதுதான் அது. இந்த எண்ணிக்கை உங்களுக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? பார்ப்போம்.

எண்ணிக்கைக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1979-ல் அமெரிக்காவில் 1,498 மருத்துவமனைகளில் நடந்த 12 வகை ஆபரேஷன்களை ஆராய்ந்தார்கள். இதய ஆபரேஷன் போன்றவற்றை வருஷத்துக்கு 200-க்கு மேல் செய்த இடங்களில் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. பெருங்குடல் ஆபரேஷனில் கதை கொஞ்சம் வேறு. 10 முதல் 50 என்ற அளவிலேயே பலன் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் எண்ணிக்கை கூடியும் பெரிய வித்தியாசம் இல்லை.

2002-ல் சுமார் 25 லட்சம் ஆபரேஷன்களை வைத்து வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வும் இதையே காட்டியது. கணையத்தை அகற்றும் ஆபரேஷனில், மிகக் குறைவாகச் செய்யும் இடங்களில் 16.3 சதவீதம் பேர் இறந்தார்கள். மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் அது 3.8 சதவீதம்தான். பெருங்குடல் ஆபரேஷனில் இந்த வித்தியாசம் 100 பேரில் 2 பேருக்கும் குறைவு.

‘அப்போ எங்கே செய்தாலும் ஒண்ணுதானே?’ என்று கேட்கலாம். இல்லை. ஆபரேஷனில் பிழைப்பது ஒரு கணக்கு, ஐந்து வருஷம் கழித்தும் நலமாக இருப்பது இன்னொரு கணக்கு. 2012-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 9 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளைக் கொண்ட 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதிகம் ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைகளிலும், அதிகம் செய்யும் சர்ஜன்களிடமும், குடல் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவர்களிடமும் ஐந்தாண்டு உயிர்வாழ்வு கூடுதலாக இருந்தது.

பெருங்குடல் வேறு, மலக்குடல் வேறு

ரிப்போர்ட்டில் கட்டி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆசனவாய்க்கு அருகில் உள்ள மலக்குடல், இடுப்பெலும்புக் கூட்டுக்குள் நெருக்கமான இடத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, நரம்புகள். அங்கே கட்டியை அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு முழுசாக எடுக்கத் தனிப் பழக்கம் வேண்டும்.

அதே தொகுப்பாய்வில், மலக்குடல் ஆபரேஷன் அதிகம் செய்யும் மருத்துவமனைகளிலும் சர்ஜன்களிடமும், வயிற்றில் நிரந்தரமாக மலப் பை வைக்கும் தேவை குறைவாக இருந்தது. வேலைக்குப் போகிறவருக்கும் பஸ்ஸில் பயணம் செய்கிறவருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், கட்டி மிகக் கீழே இருந்தால் பை வைப்பதே சரியான சிகிச்சையாக இருக்கலாம். பை வைத்தாலே தவறு நடந்தது என்று நினைக்காதீர்கள்.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2020-ல் ஒரு குறைந்தபட்ச அளவைப் பரிந்துரைத்தது. மலக்குடல் புற்றுநோய்க்கான பெரிய ஆபரேஷனை ஒரு மருத்துவமனை வருஷத்துக்கு 10-ஆவது செய்ய வேண்டும். ஒரு சர்ஜன் 5-ஆவது செய்ய வேண்டும். அதாவது நூற்றுக்கணக்கில் தேவையில்லை. ‘எப்போதாவது ஒண்ணு’ என்ற நிலைதான் கவலைக்குரியது.

சர்ஜன் மட்டுமல்ல, முழு டீமும்

குடலை வெட்டி இணைத்த இடத்தில் சில நாளில் கசிவு வரலாம். நல்ல சர்ஜனுக்கும் இது நடக்கும். 2009-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பலவகை ஆபரேஷன் செய்துகொண்ட 84,730 பேரைப் பார்த்தது. இறப்பு அதிகமான மருத்துவமனைகளிலும் குறைவான மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன. ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 21.4 சதவீதம், மறுபக்கம் 12.5 சதவீதம். ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறினால் அதைக் கவனிக்கும் நர்ஸ், உடனே வரும் டாக்டர், தயாராக இருக்கும் ஐசியு எல்லாம் சேர்ந்துதான் உயிரைக் காப்பாற்றுகின்றன.

நீங்கள் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

‘டாக்டர் கோவிச்சுக்குவாரோ’ என்று தயங்க வேண்டாம். இது உங்கள் உரிமை. போனில் குறித்துக்கொண்டு போங்கள்.

1. கட்டி பெருங்குடலிலா, மலக்குடலிலா? எந்த நிலை?
2. இந்த ஆபரேஷன் இங்கே வருஷத்துக்கு எத்தனை நடக்குது? நீங்க எத்தனை செய்றீங்க?
3. ஆபரேஷனுக்கு முன்னாடி கதிர்வீச்சு அல்லது கீமோ தேவையா? மலக்குடல் என்றால் எம்ஆர்ஐ எடுத்தாச்சா?
4. புற்றுநோய் டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், சர்ஜன் எல்லாரும் சேர்ந்து முடிவு எடுக்கிறீங்களா?
5. பை வைக்க வேண்டி வருமா? தற்காலிகமா, நிரந்தரமா?
6. ராத்திரியில் சிக்கல் வந்தால் யார் பார்ப்பாங்க? ஐசியு இருக்கா?

ஆபரேஷன் முடிந்த பிறகு, எத்தனை நிணநீர் முடிச்சுகளைப் பரிசோதித்தார்கள் என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் பாருங்கள். குறைந்தது 12 என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்குக் குறைவாக இருந்தால் டாக்டரிடம் காரணம் கேளுங்கள்.

எண்ணிக்கையே எல்லாம் அல்ல

மேலே சொன்ன ஆய்வுகள் நடந்ததைப் பார்த்துக் கணக்கிட்டவை. பெரிய எண்ணிக்கை இருந்தால் நல்ல முடிவு நிச்சயம் என்று அவை உத்தரவாதம் தரவில்லை. சிறிய மருத்துவமனையிலும் நல்ல பயிற்சி பெற்ற சர்ஜன் இருக்கலாம். அதனால் இந்த எண்ணை மற்ற ஐந்து பதில்களோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது எண்ணிக்கை விசாரிக்க நேரமில்லை. உடனே 108-ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

செலவுக்கு என்ன வழி?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குத் திட்டம் பொருந்துமா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூரில் வசதி இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட்டுகளை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டால் இரண்டாவது கருத்துக் கேட்பதும் சுலபம்.