ஓசையின்றி விழும் கோடு

நுழையும்முன்

முதியவரின் தடுமாற்றத்தை ‘வயதாகிவிட்டது’ என்று கூறிக் கடப்பது நம் வீடுகளில் வழக்கம். எல்லாத் தடுமாற்றமும் முதுமையின் விளைவன்று. மூளையின் குருதிநாளங்களைத் தாக்கும் நோயாலும் அது நேரலாம். அந்நோயை அறிவது, அதைத் தடுப்பதற்கு முதற்படி.

பின்னலும் மூளையும்

திருப்பூரின் பின்னல் இயந்திரத்தில் ஊசியொன்று பழுதுபட்டால் துணி நெடுகக் கோடு விழும். பல வேளைகளில் செக்கிங் மேசைக்கு வந்தபின்னரே அது கண்ணில் படும். மூளையில் நேரும் சேதமும் இத்தகையதே. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பெறுகிறது. அதைக் கொண்டுசெல்லும் நாளங்கள் குறுகினாலோ அடைபட்டாலோ நரம்பணுக்கள் அழிகின்றன. பெரிய அடைப்பு பக்கவாதமாக வெளிப்படும். சிறிய அடைப்புகள் ஓசையின்றி நேரும். இச்சேதங்களால் சிந்தனைத்திறன் குலைந்து அன்றாட வாழ்வு தடுமாறும் நிலையே குருதிநாள மறதிநோய். மருத்துவர்கள் இதனை ‘வாஸ்குலர் டிமென்ஷியா’ என்பர்.

மறதிக்கு முன்னே

பெயரில் மறதி இருப்பினும், இந்நோயில் திட்டமிடலும் சிந்தனை வேகமும் நினைவாற்றலுக்கு முன்பே தளர்வதுண்டு. 30 ஆண்டுகள் பனியன் துணி வெட்டிய கட்டிங் மாஸ்டர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பேரனின் பெயர் அவருக்கு நினைவிருக்கும். துணியை விரித்து, அளவு குறித்து, வெட்டும் வரிசைதான் தடுமாறும். உடன் பணிபுரிவோர் அதைக் கவனக்குறைவு என்பர். வீட்டார் பிடிவாதம் என்பர். கைவந்த தொழில் நழுவுவதை உணர்ந்தும் சொல்லத் தெரியாமல் அவர் வாடுவார். சிலருக்குச் சில மாதங்கள் நிலை மாறாதிருந்து, புதிய அடைப்பு நேர்ந்ததும் திடீரெனச் சரிவு ஏற்படும்.

காக்கும் வழி

அழிந்த நரம்பணுக்களை மீட்க இயலாது; மேலும் அழியாமல் காக்க முயலலாம். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகைக் கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதும் புகைப்பழக்கத்தைக் கைவிடுவதும் அதற்கான வழிகள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. ஒருநாள் கூலி போகுமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும், உடல் நலமாக இருக்கிறதே என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் தீங்காகும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை இல்லத்திற்கே கொண்டுசேர்க்கிறது. கோடு விழுந்த துணியைச் சீராக்க முடியாது. ஊசியைக் காலத்தே கவனித்தால் எஞ்சிய துணியைக் காக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பரிசோதித்தனர் எனக் கேட்டறிந்து, வகுப்பில் கலந்துரையாடுக.
2. ‘முதுமையைப் போற்றுவோம்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.