வீட்டு நூலகமும் மறுவாசிப்பும்: தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தை மாதம் சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து பை நிறையப் புத்தகங்களோடு வீடு திரும்புகிறவர்கள் பலர். வாங்கியதைப் படித்து, படித்ததையே சில வருடங்கள் கழித்து மீண்டும் கையில் எடுப்பவர்கள் குறைவு. நெடுங்கால வாசகனாக நான் உறுதியாக நம்புவது இதுதான்: ஒரு நூல் நமக்குச் சொந்தமாவது இரண்டாம் வாசிப்பில்தான். வாங்குவது, அடுக்குவது, பேணுவது, பிறருக்குக் கொடுப்பது என எல்லாவற்றையும் ‘இதை மறுபடி படிப்பேனா?’ என்ற ஒரே கேள்வியால் முடிவு செய்யலாம்.

படி 1: இருப்பதைப் பதிவு செய்யுங்கள்

ஒரு நீள நோட்டு போதும். நூல், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, படித்து முடித்த தேதி என்று கட்டம் போடுங்கள். இரண்டாம், மூன்றாம் வாசிப்புக்கான தேதிக் கட்டங்களை இப்போதே காலியாக விட்டுவையுங்கள். கடைசிக் கட்டம், இரவல் வாங்கிப் போனவர் பெயருக்கு.

அகர வரிசைக்கு இன்ஷியலைக் கணக்கில் எடுக்காதீர்கள். தி. ஜானகிராமன் ‘ஜா’வில் வரட்டும். புனைபெயரில் எழுதியவரை அந்தப் பெயரிலேயே வையுங்கள். புதுமைப்பித்தனைத் தேடும்போது சொ. விருத்தாசலம் என்ற பெயர் சட்டென்று நினைவுக்கு வராது.

படி 2: முதலில் இரவல், பிறகு சொந்தம்

புதிய ஆசிரியரை முதலில் கிளை நூலகத்தில் படியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். திருப்பிக் கொடுத்த பிறகும் மனத்தைவிட்டு அகலாத நூலை விலை கொடுத்து வாங்குங்கள்.

நாட்டுடைமையாக்கப்பட்ட படைப்புகளை யாரும் அச்சிடலாம். அதனால் பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் ஆகியோருக்குப் பல பதிப்புகள் கிடைக்கும். எழுத்தளவு, அச்சுப்பிழை, பதிப்புக் குறிப்பு மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகள் கால வரிசையிலும் பாடவேறுபாடுகளோடும் அமைந்தது. மறுவாசிப்புக்கு அத்தகைய பதிப்பே துணை. தடித்த நாவலென்றால் நடுவில் விரித்து, தையல் தெரிகிறதா என்று பாருங்கள். பசை மட்டும் வைத்து ஒட்டிய புத்தகம் பலமுறை விரித்தால் தாள் தாளாகக் கழன்றுவிடும்.

படி 3: கை எட்டும் இடத்தில் அடுக்குங்கள்

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தது நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. வீட்டுக்கு இந்த இரண்டும் போதும். மறுபடி படிக்க விரும்புபவை கண்மட்டத் தட்டில். இன்னும் படிக்காதவை அதற்குக் கீழே. எப்போதாவது தேவைப்படுபவை மேல் தட்டில். அகராதியை மட்டும் மேசையருகே வையுங்கள்.

படி 4: முதல் வாசிப்பிலேயே தடம் விடுங்கள்

பேனா வேண்டாம், பென்சில் போதும். நிறுத்திய வரியின் ஓரத்தில் சிறு கோடு. கடைசி வெற்றுத்தாளில் பக்க எண்ணும் நான்கைந்து சொற்களும். முடித்த தேதியையும் ஊரையும் எழுதுங்கள். தாளின் முனையை மடிக்காதீர்கள். பழைய தாள் மடிப்பிலேயே ஒடிந்துவிடும்.

படி 5: மறுவாசிப்புக்கு ஒழுங்கு வையுங்கள்

மூன்று புதிய நூல்களுக்குப் பிறகு ஒரு பழைய நூல் என்ற கணக்கு தொடங்குபவர்களுக்கு ஏற்றது. கவிதைக்குச் சில மாத இடைவெளி போதும். நாவலுக்குச் சில ஆண்டுகள் வேண்டும். திருமணம், பிள்ளைப்பேறு, இழப்பு, ஊர்மாற்றம் என வாழ்க்கை திரும்பும் இடங்களில் பழைய நாவலை எடுத்தால் அது வேறு நாவலாக இருக்கும். ‘மோகமுள்’ளை இருபது வயதில் படிப்பவர் பாபுவின் தவிப்போடு போவார். நாற்பதில் யமுனாவின் தனிமையும் ரங்கண்ணாவின் சங்கீதமும் அவரை நிறுத்தும்.

கதையை முன்னிறுத்தும் நூல்களும் மறுவாசிப்பைத் தாங்கும். ‘பொன்னியின் செல்வ’னில் ஆதித்த கரிகாலனின் முடிவு தெரிந்த பின், முந்தைய பாகங்களில் அதற்குக் கல்கி எப்படி வழி செய்துகொண்டே வருகிறார் என்பதைப் பார்க்கலாம். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது என்பதை நினைவில் வைத்தால், அத்தியாயங்கள் நிற்கும் இடங்களும் புரியும்.

திருக்குறளை ஒவ்வொரு சுற்றிலும் வேறு உரையோடு படியுங்கள். பரிமேலழகருக்குப் பின் மணக்குடவரை எடுத்தால் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசையே மாறியிருக்கும். பழகிய குறளும் புதிதாக யோசிக்க வைக்கும்.

உங்கள் பழைய குறிப்புகளை நூலை முடித்த பிறகே பாருங்கள். முன்பே பார்த்தால் அன்றைய எண்ணமே இன்றைய வாசிப்பை நடத்தும்.

படி 6: பூச்சியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பாற்றுங்கள்

அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். புத்தகங்களை நெருக்கித் திணிக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் அசையாமையும் பிடிக்கும். அடிக்கடி எடுத்துப் புரட்டுவதே நல்ல காவல். காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ துணியில் முடிந்து தட்டில் வைக்கலாம். சரஸ்வதி பூஜைக்கு எப்படியும் புத்தகங்களை எடுப்போம்; அன்றே முழுவதையும் துடைத்துவிடுங்கள். நனைந்த நூலை நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் மஞ்சள் கறை படியும். பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது ஓரம் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்டினால் உங்கள் குறிப்புகளும் போய்விடும்.

படி 7: மனமாரக் கொடுங்கள்

மறுபடி எடுக்க மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த நூலைப் பள்ளிக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் இந்தத் தட்டுகள் யாரிடம் போக வேண்டும் என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். மறைமலையடிகள் சேர்த்தவை 1958-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாயின. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு, 1992-இல் அவர் மறைந்த பிறகு, ஆய்வாளர்கள் நாடிவரும் சென்னை நூலகமாக வளர்ந்தது. நம்முடையது சிறியதாக இருக்கலாம். ஒழுங்காகப் பதிவான சிறு தொகுப்புக்கும் ஓர் ஊர் நூலகத்தில் இடம் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

• ஒரு நோட்டு வாங்கி, ஒரு தட்டை மட்டும் பதிவு செய்யுங்கள்.
• மறுபடி படிக்க ஆசைப்படும் ஐந்து நூல்களைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.
• அவற்றில் மிகச் சிறியதை இன்றே தொடங்குங்கள். அதை முடிக்கும்வரை புதிய புத்தகம் எதையும் வாங்காதீர்கள்.