கெட்டிமேளத்துக்கு முன்பே

கேள்வி: மூன்று வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, வரும் தை மாதம் முதல் கல்யாணத்தைத் தனியாகப் படமெடுக்கப் போகிறேன். தாலி கட்டும் நேரத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்று தூக்கமே வரவில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: இந்தப் பயம் உங்களுக்கு இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த அரை நிமிடத்தை யாரும் திரும்ப நடத்திக் காட்டப் போவதில்லை.

ஐயரின் கையைக் கவனியுங்கள். அவர் சைகை காட்டியதும் கெட்டிமேளம் முழங்கும். அதற்குமேல் இடம் மாற முடியாது. அட்சதை போட எல்லோரும் நெருங்குவார்கள். முடிச்சுப் போட நாத்தனார் பெண்ணின் பின்னால் வந்து நிற்பார். ஆகவே தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வரும்போதே உங்கள் இடத்தைப் பிடித்துவிடுங்கள். யார் எங்கே நிற்பது என்று வீடியோக்காரரிடம் காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

ஷட்டர் வேகம் 1/200க்குக் கீழே போனால் முடிச்சிடும் விரல்கள் கலங்கிவிடக்கூடும். இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவை வாடகைக்காவது எடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். பெண்ணின் அப்பா எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். மேடை ஓரத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.