இரண்டாம் சாவி: அதிபரின் அதிகாரமும் அதன் எல்லையும்

ஊர்ப் பொதுப்பணம் சேரும் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள் இட்டு, ஒரு சாவியைத் தலைவரிடமும் மற்றொன்றைப் பொருளாளரிடமும் ஒப்படைப்பது நம் மக்களிடையே நெடுநாள் வழக்கம். தலைவர்மீது ஐயம் கொண்டு செய்யப்படும் ஏற்பாடு அன்று இது. நல்லவரும் தவறக்கூடும் என்பதை உணர்ந்த பெரியோர் கண்ட பாதுகாப்பே ஆகும். இருவரும் உடன்பட்டாலன்றிப் பெட்டி திறவாது.

இவ்வழக்கம் ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அந்நாடு சிங்கப்பூர்.

சட்டம் வகுத்த வரம்பு

சிங்கப்பூரின் அதிபர் முன்பு நாடாளுமன்றத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். 1991-ஆம் ஆண்டில் அரசியலமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, அவரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான அலுவல்களில் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்கவேண்டும். ஆயினும் சிலவற்றில் தம் சொந்த முடிவின்படி செயற்படலாம். முந்தைய அரசாங்கங்களின் ஆட்சிக் காலங்களில் சேர்ந்த நிதியிருப்பைக் காப்பதும், உயர் பதவிகளுக்கான நியமனங்களை ஏற்பதோ மறுப்பதோ அவற்றுள் முதன்மையானவை.

இங்கு ஒன்றை உன்னிப்பாக நோக்குதல் வேண்டும். அதிபரின் சாவி இரண்டாம் சாவியே. அதனைக் கொண்டு அவர் தனியே பெட்டியைத் திறக்க இயலாது. இன்ன காரியத்திற்குச் செலவிடுக என்று ஆணையிடவும் இயலாது. அரசாங்கம் கேட்டால் இசையலாம் அல்லது மறுக்கலாம். நிதி தொடர்பான முடிவுகளில் ஆலோசகர் மன்றத்தைக் கலந்துகொள்ளவும் அவர் கடமைப்பட்டவர்.

தீர்ப்புக்குத் தலைவணங்கிய அதிபர்

மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் தெங் சியோங் ஆவார். கட்டடக் கலைஞரான அவர், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளராகவும் துணைப் பிரதமராகவும் பணியாற்றி, 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அதிபர் பொறுப்பை ஏற்றார்.

அவர் காலத்தில் ஒரு வினா எழுந்தது. அதிபரின் அதிகாரங்களைக் குறைக்கும் வகையில் அரசியலமைப்பைத் திருத்தும் மசோதா வந்தால், அதற்கு இசைவு தர மறுக்க அவருக்கு உரிமை உண்டா என்பதே அது. 1995-இல் இவ்வினா நீதிபதிகள் மூவர் கொண்ட ஆயத்தின் முன் வைக்கப்பட்டது. அன்றிருந்த சட்ட நிலையில் அவ்வுரிமை அதிபருக்கு இல்லை என்று ஆயம் கருத்துரைத்தது. அதிபர் அதனை ஏற்றுக்கொண்டார்.

நிதியிருப்பின் விவரங்களைப் பெறுவதிலும் அவருக்கும் அரசாங்கத்திற்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அதனை அவர் மறைக்கவில்லை. 1999 ஜூலையில் செய்தியாளர்களிடம் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அரசாங்கமும் தன் விளக்கத்தை நாடாளுமன்றத்தில் வைத்தது. கேட்க வேண்டியதைக் கேட்டார். எனினும் சட்டம் வகுத்த கோட்டைத் தாண்டவில்லை. எல்லையை மதிப்பது வேறு, வாய்மூடி இருப்பது வேறு என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

பெட்டி திறந்த நாள்

அடுத்து அதிபரானவர் எஸ். ஆர். நாதன். 1924-இல் பிறந்த இத்தமிழர் இளமையில் வறுமையை அறிந்தவர். மருத்துவமனைச் சமூகநல ஊழியராகவும், கடலோடிகளின் நல அதிகாரியாகவும், தொழிலாளர் ஆய்வுப் பிரிவிலும் பணிபுரிந்தவர். 1999-இலும் 2005-இலும் போட்டியின்றியே தேர்வு பெற்றதால், அவ்விரு முறையும் வாக்குப்பதிவு நடைபெறவில்லை. எனினும் பதவியின் கடமை அதனால் குறைந்துவிடவில்லை.

2008-இல் உலகெங்கும் நிதி நெருக்கடி மூண்டது. தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று. ஊழியர்களை வேலையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு உதவ அரசாங்கம் திட்டமிட்டது. மத்திய சேமநிதிக் கணக்குடைய ஒவ்வோர் ஊழியரின் மாதச் சம்பளத்தில், முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காட்டை அரசே முதலாளிக்கு வழங்கும். இத்திட்டத்திற்கும், நிறுவனங்களுக்குக் கடன் கிடைக்கச் செய்யும் மற்றொரு திட்டத்திற்குமாக, பழைய நிதியிருப்பிலிருந்து 490 கோடி வெள்ளி எடுக்க அதிபரின் இசைவு நாடப்பட்டது. பொருளாதார நெருக்கடிக்காக இவ்வாறு கேட்கப்பட்டது அதுவே முதன்முறை.

அதிபர் அரசாங்கத்தின் விளக்கத்தைக் கேட்டார். ஆலோசகர் மன்றத்தின் கருத்தைப் பெற்றார். அதன் பின்னரே இசைந்தார். 2009 ஜனவரி 22-ஆம் நாள் நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் படைத்தார்.

முடிவில் எடுக்கப்பட்டது ஏறத்தாழ 400 கோடி வெள்ளி. பொருளாதாரம் மீண்டதும், 2011-இல் அத்தொகை நிதியிருப்பிலேயே திரும்பச் சேர்க்கப்பட்டது. திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் எடுத்த பணம் முன்னோர் சேர்த்தது என்ற உணர்வு அதனைச் செய்வித்தது.

நாம் கற்கும் பாடம்

இரண்டாம் சாவியை வைத்திருப்பவர்க்கு இரு சோதனைகள் உண்டு. கேட்டதற்கெல்லாம் தலையசைத்தால் பூட்டு இருந்தும் பயனில்லை. புகழ் வேண்டி எல்லாவற்றையும் தடுத்தாலோ, தொழிலாளியின் அடுப்பு அணைந்துவிடும். நாட்டில் இரண்டு அரசாங்கங்கள் தோன்றிவிடும். இவ்விரண்டிற்கும் இடையே சட்டம் காட்டும் ஒற்றையடிப் பாதையில் நடப்பதே கடமை.

காலத்தின் போக்கும் ஓர் உண்மையைக் காட்டுகிறது. 2009-இல் நிதியமைச்சராக நின்ற தர்மன், 70.4 விழுக்காட்டு வாக்குகள் பெற்று 2023 செப்டம்பர் 14-ஆம் நாள் தாமே அதிபராகப் பொறுப்பேற்றார். முன்பு இசைவு நாடிய அரசாங்கத்தில் இருந்தவரின் கைக்கே இரண்டாம் சாவி வந்தது. கைகள் மாறும், பூட்டு மாறலாகாது. ஆளைப் பொறுத்தன்றிச் சட்டத்தைப் பொறுத்து அதிகாரம் அமைவதன் சிறப்பு இதுவே.

நாட்டின் அதிபருக்குப் பொருந்தும் இந்நெறி நம் குடியிருப்புப் பேட்டைச் சங்கத்திற்கும், கோயில் நிர்வாகத்திற்கும், கூட்டுறவுக் கடைக்கும் பொருந்தும். அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்போது கூர்ந்து கேளுங்கள்; ஐயம் இருப்பின் பணிவுடன் வினவுங்கள். பொறுப்பில் இருப்பவரோ அவ்வினாவை அவமதிப்பாகக் கருதாது விடை பகர்வாராக. எல்லையை அறிந்து நிற்பவரின் கையிலேதான் அதிகாரம் மக்களுக்கு அரணாகிறது.